போனஸ் வந்த அன்றே, வேலை முடிந்த கையோடு கடைக்குப் போகலாமா?

மாலைப்பேருந்து எழுதியது:

வணக்கம். எங்கள் அலுவலகத்தில் பண்டிகை போனஸ் இன்று காலை கணக்கில் ஏறிவிட்டது. பெரிய தொகை இல்லை, அரை மாதச் சம்பளத்துக்கும் கொஞ்சம் குறைவு. ஆறு மணிக்கு வேலை முடியும். வீட்டுக்குப் போகும் வழியிலேயே கடைத்தெரு. எட்டு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும், அதனால் கடைகளுக்கு ஒரு மணி நேரம்தான் கிடைக்கும்.

வாங்க நினைப்பவை: தேய்ந்துபோன ஷூவுக்குப் பதில் ஒன்று, அலுவலகத்துக்குப் போட ஒரு நல்ல சட்டை, ஒரு ஹெட்போன். அப்புறம் கண்ணில் பட்டுப் பிடித்துப்போனால் வேறு ஏதாவது.

பக்கத்து இருக்கைக்காரர் "போனஸ் வந்த அன்று கடைப்பக்கம் தலைவைத்துப் படுக்காதே" என்கிறார். எதிர் இருக்கைக்காரர் "இன்றே வாங்காவிட்டால் அந்தப் பணம் வாடகையிலும் மின்கட்டணத்திலும் கரைந்துவிடும், எதற்கு வந்தது என்றே தெரியாது" என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் தோன்றுகிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்?

---

கடைசிவரிசை எழுதியது:

போங்கள் ஐயா. ஆண்டு முழுக்க உழைத்து வாங்கிய காசு. ஒரு ஷூ வாங்க ஊரைக் கூட்டிக் கேட்க வேண்டுமா? ஹெட்போனை மட்டும் காதில் மாட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

---

சில்லறைக்கணக்கு எழுதியது:

கடைசிவரிசை சொல்வதில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். ஷூ தேய்ந்துவிட்டது, வாங்க வேண்டியதுதான். எனக்கு இடிப்பது அந்தக் கடைசி வரி: "கண்ணில் பட்டுப் பிடித்துப்போனால் வேறு ஏதாவது". பணம் போகும் ஓட்டை அங்கேதான்.

பொருளாதாரப் பாடப்புத்தகத்தின்படி பணத்துக்குப் பெயர் கிடையாது. சம்பளமாக வந்தாலும் போனஸாக வந்தாலும் ஒன்றுதான். 1957இல் மில்டன் ஃப்ரீட்மன் முன்வைத்த கருத்துப்படி, மனிதர்கள் நீண்டகால வருமானத்தை வைத்துத்தான் செலவைத் தீர்மானிப்பார்கள், எதிர்பாராமல் வரும் தொகையில் பெரும்பகுதியைச் சேமிப்பார்கள். படிக்க அழகாக இருக்கும். நம் வீட்டில் யாராவது அப்படி நடந்து பார்த்திருக்கிறீர்களா?

ரிச்சர்ட் தேலர் 1985இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதற்கு நேர்மாறாகச் சொன்னார். நாம் மனத்துக்குள்ளேயே தனித்தனி உண்டியல் வைத்திருக்கிறோம். சம்பளம் ஓர் உண்டியலில் விழுகிறது, அதைத் தொடும்போது கை நடுங்குகிறது. போனஸ் வேறு உண்டியலில் விழுகிறது, அதைத் தட்டிக் கொட்டத் தயக்கமே இல்லை.

2006இல் நிக்கோலஸ் எப்லியும் இன்னும் இருவரும் செய்த ஆய்வு இதைவிட எனக்குப் பிடித்தது. மாணவர்களுக்கு ஒரே அளவு பணம் கொடுத்தார்கள். ஒரு சாராரிடம் அது 'போனஸ்' என்றார்கள். மற்றவர்களிடம் அது அவர்களுடைய பணம்தான், திரும்பி வருகிறது என்பது போலச் சொன்னார்கள். போனஸ் என்று கேட்டவர்கள் அதிகமாகச் செலவழித்தார்கள். தொகையில் வித்தியாசமே இல்லை, சொன்ன பெயரில்தான் இருந்தது.

இதைவிடக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1950களின் இறுதியில் ஜெர்மனி தந்த இழப்பீட்டுத் தொகையைப் பெற்ற இஸ்ரேலியக் குடும்பங்களை மைக்கேல் லேண்ட்ஸ்பெர்கர் ஆராய்ந்து 1966இல் எழுதினார். வருமானத்தோடு ஒப்பிடப் பெரிய தொகை கிடைத்தவர்கள் பெரும்பகுதியைச் சேமித்தார்கள். சிறிய தொகை கிடைத்தவர்கள் அந்தத் தொகையைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே செலவழித்தார்கள். கிடைத்ததைவிட அதிகம்! உங்கள் போனஸ் சிறியது என்றீர்கள். அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

---

பழையபைசா எழுதியது:

தேலரை இழுத்துவிட்டீர்கள், மீதியையும் சொல்லிவிடுகிறேன். 2017இல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தபோது பரிசுப் பணத்தை எப்படிச் செலவழிப்பீர்கள் என்று நிருபர்கள் கேட்டார்கள். முடிந்தவரை அறிவுக்கு ஒவ்வாத வகையில் செலவழிக்கப் பார்க்கிறேன் என்று சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். வாத்தியாரே அப்படி, நாம் எம்மாத்திரம்?

இன்னொன்று. போனஸுக்கும் பல நாடுகளில் வருமான வரி உண்டு. கணக்கில் ஏறியது பிடித்தம் போன தொகையா, அல்லது ஆண்டு முடிவில் வரிக்காரர் வந்து பங்கு கேட்பாரா என்று சம்பளச் சீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். வரிக்குப் போக வேண்டியதை எடுத்துச் சட்டை வாங்கிவிட்டால் அப்புறம் சட்டையையா கொடுக்க முடியும்?

---

இரட்டைச்சுழி எழுதியது:

பணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், நேரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. நாள் முழுக்க வேலை செய்து மூளை களைத்த பிறகு போகிறார். மன உறுதி என்பது தசை மாதிரி, சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும் என்று ஆராய்ச்சியே இருக்கிறது. களைத்த மனிதன் கடையில் "வேண்டாம்" சொல்ல மாட்டான். சனிக்கிழமை காலை போங்கள்.

---

மதியத்தூக்கம் எழுதியது:

அந்த ஆராய்ச்சி இப்போது அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. ராய் பாமைஸ்டர் குழு 1998இல் சொன்னது அது. ஒரு விஷயத்தில் மனத்தைக் கட்டுப்படுத்தியவர்கள் அடுத்த வேலையில் சீக்கிரம் கைவிட்டார்கள் என்பதுதான் அதன் அடிப்படை. 2016இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து, 2,000க்கும் மேற்பட்டோரை வைத்து அதே விளைவைச் சோதித்தன. கிடைத்தது ஏறக்குறைய பூஜ்யம். அதனால் "சாயங்காலம் மன உறுதி தீர்ந்துவிடும்" என்பதை விதி போலச் சொல்ல முடியாது.

பசி வேறு விஷயம். 2015இல் ஆலிசன் ஷூ என்ற ஆய்வாளரும் உடன் இருவரும் வெளியிட்ட ஆய்வில், பசியோடிருந்தவர்கள் உணவுக்குச் சம்பந்தமே இல்லாத பொருளைக்கூட அதிகமாக எடுத்தார்கள். காகிதம் கோக்கும் கிளிப்புகளை! வயிறு "வேண்டும்" என்கிறது, கை எதையாவது எடுக்கிறது. ஆறு மணிக்கு அலுவலகத்தை விட்டுக் கிளம்பும் முன் எதையாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இதற்கு ஆய்வே வேண்டியதில்லை, என் அம்மா சொல்லியிருப்பார்.

---

இரட்டைச்சுழி எழுதியது:

சரி, ஆய்வு போகட்டும். களைப்பாக இருக்கும்போது நான் எதையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை, முதலில் எடுத்ததையே பில் போடக் கொடுக்கிறேன். எனக்குத் தெரிந்தது இது. சனிக்கிழமை காலைதான் என் கட்சி.

---

நூல்முனை எழுதியது:

நான் கடையில் நிற்பவள். துணிப் பிரிவு, பல வருடமாக. உங்கள் பேச்சையெல்லாம் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

வேலை முடிந்து வருபவர்களில் இரண்டு ரகம் உண்டு. முதல் ரகம் வாசலிலேயே கேட்டுவிடும்: "இந்த அளவு, வெள்ளையில் அல்லது வெளிர் நீலத்தில், முழுக்கை." ஐந்து நிமிடத்தில் மூன்று காட்டுவேன், ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இவர்கள் எடுத்ததைத் திருப்பிக் கொண்டுவருவது அபூர்வம். எனக்கு ரொம்பப் பிடித்த வாடிக்கையாளர்கள்.

இரண்டாவது ரகம் "சும்மா பார்க்க வந்தேன்" என்று நுழையும். இவர்களுக்காகத்தான் முழுக் கடையும் அடுக்கப்பட்டிருக்கிறது. நுழைந்தவுடன் கண்ணுக்கு நேரே இருப்பது புதுச் சரக்கு, விலை கூடியது. தள்ளுபடிச் சரக்கு உள்ளே, கடைசியில். அதை எட்டுவதற்குள் மற்றதெல்லாம் கண்ணில் பட்டுவிடும். பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில் காலுறை, பெல்ட், பர்ஸ். வரிசையில் நிற்கும் நேரத்தில் கை சும்மா இருக்காது. இதில் ரகசியம் ஒன்றும் இல்லை, எல்லாக் கடையும் இப்படித்தான்.

இரட்டைச்சுழி தம்பி, சனிக்கிழமை காலை நல்லது என்கிறீர்கள். அன்றைக்கு வருபவர்களுக்கு நேரம் நிறைய. நேரம் நிறைய இருந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம். மூன்று தளமும் சுற்றுவார்கள். ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்று வருபவர் ஒரு தளத்தோடு நின்றுவிடுவார். கேட்டவருக்கு அந்த எட்டு மணிக் கெடு ஒரு வரம். முடிவை மட்டும் மதியமே எடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள். கடைக்குள் வந்து முடிவெடுக்க ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் போதாது, ஒரு நாளும் போதாது.

---

சில்லறைக்கணக்கு எழுதியது:

நூல்முனை அக்கா சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. நான் "போகாதீர்கள்" பக்கம் சாய்ந்திருந்தேன், இப்போது இல்லை.

அவர் சொன்னதற்கு ஒரு சான்று மட்டும். 1982இல் ரொனால்ட் மில்லிமன் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் சோதித்தார். வேகமான இசையை ஒலிக்கவிட்ட நாட்களைவிட மெதுவான இசை ஒலித்த நாட்களில் விற்பனை சுமார் 38 சதவீதம் அதிகம். மக்கள் மெதுவாக நடந்தார்கள், அவ்வளவுதான் நடந்தது. மெதுவாக நடந்தால் பை நிரம்பும்.

---

கடைசிவரிசை எழுதியது:

அப்படியென்றால் ஓடிக்கொண்டே வாங்கச் சொல்கிறீர்களா? 😀

---

வெறுங்காலன் எழுதியது:

எந்தப் பொருளை எந்த நேரத்தில் வாங்குவது என்பதை யாரும் தொடவில்லை. எனக்கு இதில்தான் ஆர்வம்.

ஷூ: சாயங்காலமே சரியான நேரம். நாள் முழுக்க நின்று நடந்ததில் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். காலையில் கச்சிதமாகப் பொருந்தும் ஷூ மாலையில் கடிக்கும். மாலையில் பொருந்துவது எப்போதும் பொருந்தும். வேலைக்குப் போடும் காலுறையோடே போட்டுப் பாருங்கள். இரண்டு பாதமும் ஒரே அளவாக இருக்காது, பெரிய பாதத்துக்கு எடுங்கள். நின்று பாருங்கள், நடந்து பாருங்கள். "போடப் போடத் தளர்ந்துவிடும்" என்று விற்பனையாளர் சொன்னால் கும்பிட்டுவிட்டு அடுத்த ஜோடியைக் கேளுங்கள். (நூல்முனை அக்கா கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

சட்டை: இதில் சாயங்காலம் எதிரி. கடை விளக்கில் ஒரு நிறம், வெயிலில் வேறு நிறம். ஏற்கெனவே இருக்கும் பேண்ட்டுக்குப் பொருத்தமாக வாங்குகிறீர்கள் என்றால் இன்னும் ஆபத்து. இரண்டு துணி ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரிந்து இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்து தெரியும். கருநீலத்துக்கும் கறுப்புக்கும் இரவில் வித்தியாசம் கண்டுபிடித்தால் உங்களுக்கு ஒரு பரிசு. வெள்ளை எடுங்கள், வம்பே இல்லை.

ஹெட்போன்: கூட்ட நேரத்தில் கடை இரைச்சலாக இருக்கும். நுணுக்கமான ஒலியை எடைபோட முடியாது. ஆனால் வெளி இரைச்சலை எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. பேருந்தில் கேட்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் கூட்ட நேரமே போங்கள். காதில் வைத்து ஒரு பாட்டு முழுக்கக் கேளுங்கள். எடையும் அழுத்தமும் முதல் நிமிடத்தில் தெரியாது.

வாசனைத் திரவியம் "பிடித்துப்போன" பட்டியலில் இருந்தால்: மூன்று நான்கு முகர்ந்ததும் மூக்கு மரத்துவிடும், அப்புறம் எல்லாம் ஒன்றுதான். மெத்தையோ சாய்வு நாற்காலியோ சாயங்காலம் வாங்கவே வேண்டாம். களைத்த உடம்புக்குத் தரைகூடச் சுகமாக இருக்கும்.

---

நூல்முனை எழுதியது:

கோபமெல்லாம் இல்லை தம்பி. தோல் ஷூ கொஞ்சம் தளரத்தான் செய்யும், நீளம் மட்டும் கூடாது. விரல் முட்டினால் எடுக்கக் கூடாது. நிறத்தைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. எங்களிடம் மறுநாள் மாற்ற வருபவர்கள் அதிகம் சொல்லும் காரணம் அதுதான்.

---

மாலைப்பேருந்து எழுதியது:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. மதிய இடைவேளையில் எல்லாவற்றையும் படித்தேன். ஷூவும் வெள்ளைச் சட்டையும் இன்றைக்கு. ஹெட்போனைக் காதில் வைத்துப் பார்ப்பேன், விலையை ஒப்பிட்ட பிறகு வாங்குவேன். பாதித் தொகையை இப்போதே சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிட்டேன், கடைக்குள் நுழைந்த பிறகு மாற்ற மனம் வராது.

ஒரு கேள்வி. அட்டையைத் தேய்ப்பதா, பணமாக எடுத்துக்கொண்டு போவதா? கைப்பேசியில் கட்டுவதுதான் எனக்குப் பழக்கம்.

---

சில்லறைக்கணக்கு எழுதியது:

பணம். யோசிக்கவே வேண்டாம். 2001இல் டிரேஸன் பிரெலெக்கும் டங்கன் சிமெஸ்டரும் விளையாட்டுப் போட்டி நுழைவுச்சீட்டுகளை வைத்து ஒரு ஏலம் நடத்தினார்கள். கடன் அட்டையில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள் ரொக்கம்தான் என்று சொல்லப்பட்டவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்குவரை கேட்டார்கள். நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது ஏற்படும் சுருக்கென்ற வலி அட்டையில் இல்லை. கைப்பேசியில் அதுவும் இல்லை.

---

பழையபைசா எழுதியது:

ரொக்கத்தில் வாங்கிய பொருள் பழுதானால் ரசீது ஒன்றே ஆதாரம். அட்டையில் வாங்கினால் வங்கிப் பதிவும் இருக்கும், சிக்கல் வந்தால் வங்கி வழியாக முறையிடவும் வழி உண்டு. ஹெட்போன் போன்ற மின்சாதனத்துக்கு அட்டை, ஷூவுக்கும் சட்டைக்கும் ரொக்கம். இதுதான் என் வழக்கம்.

"வட்டியில்லாத் தவணை" என்று கடையில் யாராவது காகிதத்தை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். போனஸை வைத்து வாங்க வந்தவர் அடுத்த மாதச் சம்பளத்தையும் சேர்த்து விட்டுவிட்டுப் போக அது ஒன்று போதும். லேண்ட்ஸ்பெர்கர் சொன்ன இரண்டு மடங்கு இப்படித்தான் வருகிறது என்பது என் கணிப்பு.

---

இரட்டைச்சுழி எழுதியது:

நேரில் வாங்குவதைவிட இணையத்தில் வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லையே? ஆறு மணிக்கு நேரே வீட்டுக்குப் போகலாம், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம்.

---

மதியத்தூக்கம் எழுதியது:

திருப்புவதில் நீங்கள் சொல்வது சரி. கடையில் பார்த்துத்தானே வாங்கினோம், அதனால் நமக்குத்தான் உரிமை அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் நிலைமை தலைகீழ். இணையத்தில் வாங்கியதைப் பொதுவாக 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பலாம். கடையில் நேரே வாங்கிய பொருளில் குறை இல்லையென்றால், மாற்றித் தருவது கடையின் விருப்பம். எங்கே இருந்தாலும் பணம் கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள்: பணமாகத் திருப்புவார்களா, பொருளாக மாற்றித் தருவார்களா, எத்தனை நாள்?

ஆனால் ஷூவை இணையத்தில் வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எட்டு மணிக் கெடுவும் அங்கே கிடையாது. கட்டிலில் படுத்துக்கொண்டு நள்ளிரவு வரை கடை சுற்றலாம்.

---

மாலைப்பேருந்து எழுதியது:

போய் வந்துவிட்டேன். ஷூ கிடைத்தது, இரண்டாவது கடையில். முதல் கடையில் சரியாக அந்த "போடப் போடத் தளர்ந்துவிடும்" வசனம் வந்தது, வெறுங்காலன் நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். விற்பனையாளர் பாவம், ஏன் சிரிக்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. சட்டையும் எடுத்தேன். ஹெட்போன் காதை அழுத்தியது, விட்டுவிட்டேன். கையில் கொஞ்சம் மிச்சம்.

இப்போது வேறு சங்கடம். என் தங்கை இன்னும் படிக்கிறாள். அவளிடம் போனஸ் வந்ததைச் சொல்லவில்லை. புது ஷூவைப் பார்த்துவிட்டுக் கேட்பாள். எனக்கு மட்டும் வாங்கிக்கொண்டது உறுத்துகிறது.

---

சில்லறைக்கணக்கு எழுதியது:

அந்த மிச்சத்தை அவளுக்குச் செலவழியுங்கள். போனஸைப் பற்றியே ஓர் ஆய்வு இருக்கிறது. எலிசபெத் டன், லாரா அக்னின், மைக்கேல் நார்டன் மூவரும் 2008இல் வெளியிட்டது. பாஸ்டனில் ஒரு நிறுவனத்தின் ஊழியர்களைப் போனஸ் வரும் முன்பும், வந்து 6 முதல் 8 வாரம் கழித்தும் கேட்டார்கள். அடுத்தவர்களுக்காக அதிகம் செலவழித்தவர்களுக்குத்தான் மகிழ்ச்சி கூடியிருந்தது. போனஸ் எவ்வளவு பெரியது என்பதைவிட அது எப்படிச் செலவானது என்பதே முக்கியமாக இருந்தது.

---

மதியத்தூக்கம் எழுதியது:

அந்த ஊழியர்கள் மொத்தம் 16 பேர்! அதே கட்டுரையில் வேறு சோதனைகளும் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் 16 பேரை வைத்து ஒருவரின் சேமிப்பைக் கரைக்கச் சொல்லாதீர்கள்.

---

கடைசிவரிசை எழுதியது:

தங்கைக்கு வாங்கிக் கொடுக்க 16 பேர் சாட்சி எதற்கு?

---

நூல்முனை எழுதியது:

தம்பி, அவளுக்கென்று நீங்களாக ஒன்றை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அண்ணன் எடுத்த சுடிதாரை மாற்ற வரும் தங்கைகளை நான் அன்றாடம் பார்க்கிறேன். "இவ்வளவு இருக்கிறது, உனக்கு என்ன வேண்டும்" என்று கேட்டுவிடுங்கள், ஒருநாள் அவளையே கூட்டிக்கொண்டு வாருங்கள்.

---

மாலைப்பேருந்து எழுதியது:

கேட்டேன் அக்கா. கண்ணாடிச் சட்டம் மாற்ற வேண்டுமாம், உடைந்ததை ஒட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறாள், இதுவரை சொல்லவில்லை. வாரக் கடைசியில் போகிறோம்.

---

வெறுங்காலன் எழுதியது:

கண்ணாடிச் சட்டமா, அப்படியானால் பகலில் போங்கள். முகத்துக்கு எந்த நிறம் பொருந்துகிறது என்பதைக் கடை வாசலில் இயற்கை வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். கண் பரிசோதனை செய்து நாளாகியிருந்தால் அதையும் முடித்துவிட்டுப் பிறகு சட்டம். பழைய அளவுக்குக் கண்ணாடி போட்டுவிட்டு மறுபடி மாற்றினால் இரட்டைச் செலவு.

---

பழையபைசா எழுதியது:

ஷூவுக்கு உத்தரவாதம் இருந்தால் ரசீதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சூட்டில் அச்சாகும் அந்த வழவழக் காகிதத்தில் எழுத்து நாளடைவில் வெளுத்துவிடும், பர்ஸுக்குள் வைத்தால் இன்னும் சீக்கிரம். கண்ணாடிக் கடை ரசீதுக்கும் இதேதான்.